உவமையே சொல்லாயிற்று



சிறைவாசி ஒருவர் ‘பரோலில்’ வெளிவந்தார் என்னும் செய்தியை நாளேடுகளில் அவ்வப்போது வாசிக்கிறோம். சட்டத்துறைச் சொல்லாகவே அதனை நாம் அறிவோம். ஆயினும் அதன் பூர்வீகத்தைத் தேடிப் புறப்பட்டால், கலிலேயாக் கடலோரத்தில் படகில் அமர்ந்து, விதைப்பவன் உவமையைச் சொன்ன நம் ஆண்டவரின் திருவடியண்டை அது நம்மைக் கொண்டுபோய் நிறுத்தும்.

கிரேக்க மொழியில் ‘பரபொலே’ என்பதற்கு, ஒன்றன் அருகே மற்றொன்றை வைத்தல் என்பது பொருள். கடுகுமணியின் அருகே விண்ணரசை வைத்துக் காட்டினார் இயேசு, அதுவே உவமை. இலத்தீன் திருச்சபை இச்சொல்லைப் ‘பரபோலா’ என்று அப்படியே ஏற்றுக்கொண்டது. எபிரேயத்தில் ‘மாஷால்’ என்னும் சொல் உவமை, பழமொழி, பொருள் செறிந்த உரை ஆகிய அனைத்தையும் குறிக்கும். மறைநூலை இலத்தீனில் பெயர்த்த புனித எரோணிமுஸ், பல இடங்களில் அதற்கும் ‘பரபோலா’ என்றே எழுதினார். யோபு நூலின் 27-ஆம் அதிகாரத் தொடக்கத்தில் யோபு தம் ‘பரபோலாவை’த் தொடர்கிறார், அங்கே உவமைக்கதை இல்லை, உரையே உண்டு. இவ்வாறு உவமை என்ற பொருள் உரையாக விரிந்து, இறுதியில் ‘சொல்’ என்றே ஆயிற்று.

இலத்தீனின் பிள்ளைகளாகிய மொழிகளைப் பாருங்கள். ‘சொல்’ என்பதற்கு இத்தாலியர் ‘பரோலா’ என்பர். பிரெஞ்சுக்காரர் ‘பரோல்’ என்பர். ஸ்பானியர் ‘பலாப்ரா’ என்பர். போர்த்துக்கீசியர் ‘பலாவ்ரா’ என்பர். மதுரையை நம் சிற்றூரார் ‘மருதை’ என்பதுபோல், பின்னிரண்டில் ரகரமும் லகரமும் இடம் மாறின. பேசுதலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லும் இவ்வேரினின்று வந்ததே; அதிலிருந்தே ‘பார்லிமெண்டு’ பிறந்தது. ருமேனியரோ வேறு வழி சென்றனர். அவர்தம் சொல், கூட்டம் எனப் பொருள்படும் ‘கொன்வெந்துஸ்’ என்பதனின்று வந்தது. நம் பிள்ளைகள் பயிலும் ‘கான்வென்ட்’டுக்கும் அதுவே மூலம்.

அவ்வாறாயின், சொல்லைக் குறித்த பழைய இலத்தீன் பதமாகிய ‘வெர்பும்’ என்னவாயிற்று? அருளப்பர் நற்செய்தி தன் முதல் வசனத்திலேயே இறைமகனை அப்பெயரால் அழைக்கிறது. கடவுளின் வார்த்தையானவருக்கு உரிய பெயரை அன்றாடப் பேச்சில் வழங்க விசுவாசிகள் கூசினர். ஆகவே அதனை விடுத்து, அவர் சொன்ன உவமைகளின் பெயரை எடுத்துக்கொண்டனர் என அறிஞர் சிலர் கருதுவர். எவ்வாறாயினும், ‘வெர்பும்’ பீடத்தில் நின்றது. ‘பரபோலா’ வீட்டிற்கு வந்தது.

வீட்டிற்கு வந்த சொல் இருவழிப்பட்டது. மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் போர்த்துக்கீசிய வணிகர் நடத்திய பேச்சுவார்த்தையைக் குறித்த ‘பலாவ்ரா’, ஆங்கில மாலுமிகள் வாயில் ‘பலாவர்’ ஆகி, நாளடைவில் வெற்றுப் பேச்சு என இழிந்தது. இத்தாலியத்தில் வசைமொழிக்குப் பெயர் ‘பரோலாச்சா’. ஆண்டவரின் உவமையே அங்கு வேர்! மற்றொரு வழியோ உயர்ந்தது. பிரெஞ்சில் ‘பரோல்’ ஒருவன் தன் மானத்தை ஈடு வைத்துக் கொடுக்கும் வாக்காயிற்று. போர்க்கைதி அவ்வாக்கைக் கொடுத்து விடுதலை பெற்றான். நாளேட்டில் நாம் வாசிக்கும் பரோல் அதுவே. நாம் ‘வார்த்தைப்பாடு’ என்கிறோமே, அதற்கு இணையானது.

பிரியமானவர்களே, இவ்விரு வழிகளும் நம் இல்லங்களிலும் உண்டு. பீடத்தின் முன் வலக்கரம் பற்றிக் கொடுத்த வார்த்தைப்பாட்டினால் குடும்பமானோம். அதே நாவால் மனைவியை ஏசுவதும், பிள்ளையைச் சபிப்பதும், அயலாரைப் புறங்கூறுவதும் முறையாகுமா? நற்கருணை வாங்குமுன் நூற்றுவர் தலைவனோடு சேர்ந்து, ஒரு வார்த்தை சொல்லியருளும்படி ஆண்டவரை மன்றாடுகிறோம். அவ்விடத்தில் இத்தாலியர் ‘பரோலா’ என்றும், ஸ்பானியர் ‘பலாப்ரா’ என்றும் வேண்டுகின்றனர். அவருடைய ஒரு சொல் நம்மைக் குணமாக்குமென நம்பும் நாம், நம் ஒரு சொல்லுக்காக வீட்டில் காத்திருப்போரை மறக்கலாமா? பல நாளாகப் பேசாதிருக்கும் உடன்பிறந்தாரிடம் இவ்வாரமே ஒரு நல்ல சொல் சொல்வோம். கொடுத்த வாக்கு ஒன்று நிலுவையில் இருப்பின் அதனை நிறைவேற்றுவோம். வார்த்தையானவர் நம் நாவைக் காப்பாராக.