துண்டுக்குள் விரல், போனுக்குள் ஓடிபி: ரகசியத்தைக் காப்பாற்றுவது எது?

பொள்ளாச்சி மாட்டுச் சந்தையிலும் அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையிலும் பழைய தரகர்கள் வாயால் விலை சொல்வதில்லை. இரண்டு பேர் கைகோத்துக்கொள்வார்கள், மேலே ஒரு துண்டு விழும். உள்ளே எத்தனை விரலைப் பிடிக்கிறார் என்பதுதான் விலை. அது ஆயிரமா, பத்தாயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே இருவருக்கும் தெரியும். சுற்றி நிற்பவர்களுக்குத்தான் ஒன்றும் புரியாது.

நாலு பேர் நடுவில் பேச வேண்டும். சம்பந்தப்பட்டவருக்கு மட்டும் புரிய வேண்டும். கிரிப்டோகிராஃபி, அதாவது குறியாக்கவியல், பிறந்ததே இந்தத் தேவையில்தான்.

சொல்லை மாற்றுவது

துண்டு செய்தியை மறைக்கிறது. செய்தியை வெளிப்படையாகவே சொல்லி, பொருளை மட்டும் மறைப்பது இன்னொரு வழி. பொற்கொல்லர்கள் பொன்னைப் 'பறி' என்பார்கள், யானைப்பாகர்கள் ஆடையைக் 'காரை' என்பார்கள் என்று பள்ளியில் படித்தோமே, அதேதான். நன்னூல் இதைக் 'குழூஉக்குறி' என்கிறது. அதை எழுதிய பவணந்தி முனிவரின் ஊர் பெருந்துறை பக்கத்துச் சீனாபுரம் என்பது கொங்கு நாட்டில் வழங்கும் மரபு.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 'பறி' என்றால் பொன் என்று வெளியாள் ஒருவருக்குத் தெரிந்துவிட்டால், அந்தச் சொல் அதோடு காலி.

எழுத்தை மாற்றுவது

ரோமானியத் தளபதி ஜூலியஸ் சீசர் ஒவ்வொரு எழுத்துக்கும் பதிலாக மூன்று இடம் தள்ளி வரும் எழுத்தை எழுதினார். தமிழில் செய்து பார்க்கலாம். க, ச, ட, த, ப, ற என்ற ஆறு வல்லின எழுத்துகளை மட்டும் ஓரிடம் தள்ளினால் 'பசு' என்பது 'றடு' ஆகிவிடும். எழுத்தை இடம் மாற்றுவது முறை. எத்தனை இடம் என்பது சாவி.

ஆனால் 'றடு' மாட்டிக்கொள்ளும். தமிழ்ச் சொல் எதுவும் 'ற'வில் தொடங்காது என்பது இலக்கண விதி. இதைப் பார்த்ததுமே, எழுத்தை யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று தமிழ் தெரிந்தவர் பிடித்துவிடுவார். மொழிக்கு என்று ஒரு பழக்கம் உண்டு, அதுதான் காட்டிக்கொடுக்கிறது. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாத் அறிஞர் அல்-கிந்தி இதையே ஒரு முறையாக எழுதி வைத்தார். எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணு. அந்த மொழியில் அதிகம் வரும் எழுத்தோடு பொருத்திப் பார். சீசர் பாணிக் குறியீடுகள் இதற்கு முன் நிற்கவில்லை.

பூட்டு தெரியலாம், சாவி தெரியக்கூடாது

1883இல் அகஸ்ட் கெர்க்காஃப்ஸ் என்ற மொழி அறிஞர் ஒரு விதியைச் சொன்னார். குறியாக்க முறை எதிரியின் கையில் கிடைத்தாலும் பரவாயில்லை, சாவி மட்டும் கிடைக்கக்கூடாது. அப்படி இருந்தால்தான் அது நல்ல முறை. இன்றைய வங்கி ஆப்களும் வாட்ஸ்அப்பும் இந்த வழியில்தான் போகின்றன. அவற்றில் இருக்கும் முறைகள் உலகம் முழுக்கப் பிரசுரமானவை. யாரும் எடுத்துப் படிக்கலாம். சாவி இல்லாமல் திறக்கத்தான் முடியாது.

அதனால்தான் மோசடிக்காரர்கள் பூட்டை உடைக்க மெனக்கெடுவதில்லை. நேராக போன் போட்டு ஓடிபி கேட்கிறார்கள். ஓடிபி குறியாக்கச் சாவி இல்லைதான். ஆனால் 'கணக்கு வைத்திருப்பவர் நான்தான்' என்பதற்கு அதுவே அத்தாட்சி. அதைக் கொடுத்துவிட்டால் உள்ளே எவ்வளவு பெரிய கணிதம் இருந்தாலும் பயனில்லை.

'ஓடிபியைப் பகிராதீர்கள்' என்று குறுஞ்செய்தி அனுப்புவதோடு வங்கிகள் நிறுத்திக்கொள்கின்றன. ஏன் என்று யாரும் சொல்வதில்லை. காரணம் தெரியாத எச்சரிக்கை, பதற்றத்தில் மறந்துபோகும். பணம் அனுப்பத்தான் யுபிஐ பின் தேவை, பணம் வாங்க அது தேவையே இல்லை என்பதை எத்தனை பேருக்கு விளக்கியிருக்கிறோம்? மீறிப் பணம் போய்விட்டால் 1930க்கு உடனே அழைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சந்தைக்குப் போகும் விவசாயிக்கு இது புது விஷயமே இல்லை. துண்டுக்குள் பிடித்த விரலை யாராவது போனில் கேட்டால் சொல்வாரா? வங்கிகளும் காவல்துறையும் அவருக்குப் புரியும் இந்த மொழியிலேயே பேசலாம்.