மைக்கு முன்னால் காகிதம்

ஸ்ரீகாளஹஸ்தியில் கலம்காரி வரைகிறவர்கள் முதல் கோட்டை இழுக்கும் முன்பே பாதி வேலையை முடித்துவிடுகிறார்கள். வெளுத்த பருத்தித் துணியைக் கடுக்காய்த் தூளும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்துப் பிழிந்து, வெயிலில் காயப்போடுகிறார்கள். பாலின் கொழுப்பு நூலிழையில் படிந்திருப்பதால் மை கண்டபடி பரவாது. வெல்லத்தோடு துருப்பிடித்த இரும்பை ஊறவைத்து எடுத்த கரைசல், துணியில் உள்ள கடுக்காய்த் துவர்ப்பைத் தொட்டதும் கறுப்பாகிவிடும். இதெல்லாம் ஆன பிறகுதான் மூங்கில் குச்சியில் துணி சுற்றிக் கட்டிய கலம் கைக்கு வருகிறது. 2008இல் பத்மஸ்ரீ பெற்ற ஜொன்னலகட்ட குரப்ப செட்டி போன்றவர்களின் கோடு அத்தனை கூர்மையாக நிற்பதற்குக் கை எவ்வளவு காரணமோ, துணியும் அவ்வளவு காரணம்.

பேனாவிலும் இதே கதைதான். திருப்பதியிலும் சித்தூரிலும் பிள்ளைக்கு மைப் பேனா வாங்கிக் கொடுத்தவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றைத்தான். “எந்த நீல மை சார் நல்லது? வாங்கினது ஊறுது, பின்பக்கம் தெரியுது.” பிரிலோ கேம்லினோ சுலேகாவோ, பள்ளிக்கூட எழுத்துக்கு எந்த ராயல் ப்ளூவும் போதும் என்பேன். பார்க்க வேண்டியது நோட்டை.

ராயல் ப்ளூ பெரும்பகுதி தண்ணீர். அதில் கரைந்த சாயம், நிப்பில் சீக்கிரம் காயாதிருக்கக் கிளிசரின் போன்ற ஒன்று, பூஞ்சை பிடிக்காதிருக்க ஒரு மருந்து, மை தடையில்லாமல் இறங்குவதற்கு ஒரு துளி ரசாயனம். நீரைக் குடிக்கும் காகிதம் இதையும் குடிக்கத்தான் செய்யும். அதைத் தடுக்கத்தான் ஆலையில் கூழோடு ரோசின், ஸ்டார்ச் போன்றவற்றைச் சேர்க்கிறார்கள். துணிக்கு எருமைப்பால் செய்கிற வேலையைக் காகிதத்துக்கு இவை செய்கின்றன. மலிவான நோட்டில் இது போதாமல் போகிறது. பால்பாயின்ட் மை எண்ணெய்ப் பசையுள்ளது, காகிதத்தில் ஓடாது. எல்லோரும் அதிலேயே எழுதுவதால் நோட்டின் குறை யார் கண்ணிலும் படுவதில்லை.

நல்ல தாளில் இதே மை எழுதும் அழகே வேறு. தமிழும் தெலுங்கும் வளைந்து வளைந்து போகும் எழுத்துகள். ‘ண’வின் சுழியில் நிப்பு திரும்பும்போது வேகம் குறைந்து மை சற்றே தேங்குகிறது. காய்ந்ததும் அந்த இடம் அடர்நீலம், வேகமாக ஓடிய கோடு வெளிர்நீலம். விரலில் அழுத்தமே வேண்டாம். இரண்டு மொழியிலும் பக்கம் பக்கமாக எழுதுகிற பிள்ளைகள் நிறைந்த இந்த ஊர்களில் அது சின்ன விஷயமில்லை.

இவ்வளவு நீலம் பேசிவிட்டு அவுரியை விட முடியாது. கலம்காரியின் பழைய நீலம் அவுரிதான். சித்தூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அந்தக் கால வட ஆற்காட்டிலும், கடப்பை, நெல்லூர்ப் பக்கங்களிலும் அவுரி விளைந்தது. 1897இல் ஜெர்மானிய நிறுவனமான பி.ஏ.எஸ்.எஃப். செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு அந்தச் சாகுபடி சரிந்தது. ஆனால் அவுரி நீலம் தண்ணீரில் கரையாது. துகளாகவே நிற்கும், பேனாவில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும். பேனாவுக்குப் பெரும்பாலும் நீரில் முழுக்கக் கரைகிற சாயம்தான் ஆகும். அதனால்தான் மழைத்துளி பட்டால் ராயல் ப்ளூ கலைகிறது.

ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டிய எழுத்துக்கு இரும்பு கலந்த ப்ளூ பிளாக் வேண்டும். எழுதும்போது நீலமாக இருக்கும்; காற்றுப் படப்பட உள்ளிருக்கும் இரும்பு, துவர்ப்போடு சேர்ந்து கறுத்துத் தாளைப் பிடித்துக்கொள்ளும். கலம்காரியின் கறுப்பும் இதே வேதியியல்தான். இப்போது ப்ளூ பிளாக் என்று விற்பவற்றில் பல வெறும் சாயம், புட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்து வாங்க வேண்டும். இரும்பு மை போட்ட பேனாவை அடிக்கடி தண்ணீரில் கழுவுவதும் அவசியம்.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ராஜமுந்திரி ரத்னம், திருவள்ளூர் ரங்கா போன்ற எபோனைட் (கெட்டி ரப்பர்) பேனாக்களில் உடம்பு முழுக்க மை ஊற்றி எழுதலாம். மை குறையக் குறைய உள்ளே காற்று சேர்கிறது. மே மாதத் திருப்பதியில் அந்தக் காற்று கைச்சூட்டில் விரிந்து மையைத் தள்ளும், நோட்டில் சொட்டு விழும். மை கால்வாசிக்கு இறங்கும் முன்பே நிரப்பிவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அடுத்த முறை நோட்டு வாங்கப் போகும்போது மை நிரப்பிய பேனாவையும் எடுத்துப் போங்கள். கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, கடைசிப் பக்கத்தின் மூலையில் பிள்ளையின் பெயரை எழுதிப் பாருங்கள். ஓரம் கசியாமல், பின்பக்கம் தெரியாமல் இருந்தால் அந்த நோட்டிலேயே ஒரு டஜன் எடுத்துவிடுங்கள்.