படத்தில் கறுப்பாக விழுமே!

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பார்கள் பெரியவர்கள். பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களுக்கு இவ்வாண்டு ஜனவரி மாதம் முழுவதும் ஆடை முக்கால், ஆள் கால் என்றே ஆகிவிட்டது! பிரிவு உபசார விழாவையொட்டி எங்களைத் தனித்தனியே படம் எடுக்க ஒரு புகைப்படக்காரர் வருகிறார் என்றும், அன்று ஒரு நாள் மட்டும் சீருடை வேண்டாம், வண்ண உடை அணியலாம் என்றும் சிஸ்டர் அறிவித்தார்கள். கேட்க வேண்டுமா? கணக்கு வகுப்பில்கூடப் பட்டுப் பாவாடையா, சுடிதாரா என்ற வழக்குத்தான் நடந்தது.

ஆடையைப் பற்றி நாங்கள் பட்டறிந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். அடுத்த ஆண்டு வரும் தங்கையருக்குப் பயன்படும். நெருக்கமான மெல்லிய கோடு போட்ட துணி, டிஜிட்டல் காமிராவில் சில வேளை அலையலையாய் நெளிந்து தெரியும். கிளிப்பச்சை போன்ற கண்ணைப் பறிக்கும் நிறங்கள் விளக்கொளியில் தம் சாயலைத் தாடையின்மேல் வீசும். பெரிய பூப்போட்ட துணி என்றால் பார்ப்பவர் கண் பூவிலேயே நின்றுவிடும். இரண்டு மூன்று முறை உடுத்திப் பழகிய உடையே நல்லது. (மொடமொடப்பான புது உடையில் வந்த எங்களில் ஒருத்தி, படத்தில் கழுத்தைச் சொறியப் போகிறவள் போலவே இருக்கிறாள்.)

இவை சிறிய செய்திகள். நாங்கள் எழுத வந்தது வேறு.

படம் எடுக்கும் நாள் காலையில் எங்களில் பலர் வீட்டில் ஒரே வசனம்தான் ஒலித்தது. "இன்னும் கொஞ்சம் பவுடர் போட்டுக்கோ, படத்திலே கறுப்பா விழும்." அன்னையரை நாங்கள் குறை கூறவில்லை, அவர்களுக்கு அவர்களுடைய அன்னையர் சொன்னது அது. ஆனால் பலன் என்ன? பவுடரில் உள்ள வெண்துகள்கள் ஃபிளாஷ் ஒளியைத் திருப்பி வீசுகின்றன. கண்ணாடியில் சரியாக இருந்த முகம் படத்தில் சாம்பல் பூத்துப் போகிறது. கழுத்து மட்டும் உண்மையைச் சொல்லி நிற்கிறது.

எங்கள் தோழி ஒருத்தி பவுடரே போடாமல், அக்காவின் மாம்பழ நிறத் தாவணியில் வந்தாள். நல்ல கறுப்பு அவள். இரண்டு வாரம் கழித்துப் படங்கள் வந்தன. அவளுடைய முகத்தைக் கம்ப்யூட்டரில் வெளுத்திருந்தார்கள். வீட்டில் பாட்டி படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது யாரு பெத்த புள்ள?" என்று கேட்டார்களாம். பாட்டி கேலிக்குக் கேட்கவில்லை. இதை எங்களிடம் சொல்லி அவளும் சிரித்தாள். ஆனால் அந்தப் படம் இன்னும் அவள் புத்தகப் பையிலேயே கிடக்கிறது.

புகைப்படக்காரரிடம் கேட்டோம். "நாங்களாவே கலர் ஏத்திக் கொடுத்திருக்கோம்மா, அதுக்குத் தனியா காசு இல்லை" என்றார். உதவி செய்ததாகவே அவர் நினைக்கிறார்!

'கறுப்பாக விழும்' என்ற பயம் எங்கிருந்து வந்தது? தேடிப் படித்தபோது வியப்பான செய்தி ஒன்று கிடைத்தது. அமெரிக்காவின் கோடாக் நிறுவனம் 1950-களிலிருந்து கலர் லேப்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பி வந்தது. அதில் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியின் படம் இருக்கும். அதற்கு 'ஷெர்லி அட்டை' என்று பெயர். அவளுடைய தோல் சரியாக வந்தால் நிறம் சரி என்பது கணக்கு. கறுத்த முகங்களில் கண்ணும் பல்லும் மட்டுமே தெரிந்தன. பிறகு சாக்லேட் தயாரிப்பவர்களும் மரச் சாமான் விற்பவர்களும், தங்கள் பொருளின் பழுப்பு நிறம் விளம்பரப் படத்தில் சரியாக விழவில்லை என்று முறையிட்டார்கள். அதன் பிறகே பிலிமைத் திருத்த வழி பிறந்ததாம். மூன்று இனப் பெண்கள் சேர்ந்து நிற்கும் அட்டை 1990-களின் நடுவில்தான் வந்தது. மனிதருக்கு முன்னால் மேசைக்கு நியாயம் கிடைத்திருக்கிறது!

ஆக, குறை தோலில் இல்லை, பிலிமில் இருந்தது. பிலிம் போய்விட்டது, பயம் போகவில்லை. 1975-இல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020-இல் 'க்ளோ அண்ட் லவ்லி' ஆனது. எங்கள் வீட்டுக் கண்ணாடி முன்னால் பேச்சு மட்டும் பழையபடியே நடக்கிறது.

காமிராவுக்கு ஒரு வழக்கம் உண்டு. எதிரே வெள்ளை மிகுந்திருந்தால், வெளிச்சம் அதிகம் என்று எண்ணித் தானாகவே ஒளியைக் குறைத்துக்கொள்ளும். வெள்ளைச் சீருடையில் நாற்பது பேர் வெயிலில் நிற்கும் குரூப் போட்டோவில் முகங்கள் இருண்டு போவதற்கு இதுவும் ஒரு காரணம். வெள்ளைத் திரைக்கு முன்னால் நிற்கும் ஒருத்திக்கும் இதே கதிதான். மருந்து பவுடர் அல்ல, வெளிச்சம். திரையை மாற்றலாம், ஒளியைச் சற்றுக் கூட்டி வைத்து எடுக்கலாம், ஜன்னலோரம் நிறுத்தலாம்.

"கொஞ்சம் வெளுப்பாகத் தெரிந்தால்தான் என்ன?" என்று பெற்றோர் சிலர் கேட்கக்கூடும். ஒரு நாள் பூ வைப்பது போலத்தானே என்பார்கள். பூவை மாலையில் எடுத்துவிடலாம். இந்தப் படமோ ஐம்பது ஆண்டுகள் சுவரில் இருக்கும். பார்க்கும் பேரக்குழந்தைகள் அது யார் என்று கேட்பார்கள்.

ஆகவே சிஸ்டர் அவர்களிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்று. அடுத்த ஆண்டு புகைப்படக்காரரை அழைக்கும்போது, எவருடைய நிறத்தையும் மாற்றக் கூடாது என்று முன்னதாகவே எழுதிக் கொடுத்துவிடுங்கள். எங்கள் தோழியை வேறொரு முறை, நூலக ஜன்னலோரம் நிறுத்தி எடுக்கவும் ஏற்பாடு செய்யுங்கள். அதே மாம்பழத் தாவணியில் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

தங்கையரே, நெற்றியில் எண்ணெய் வழிந்தால் ஒற்றி எடுக்க ஒரு கைக்குட்டை கொண்டு வாருங்கள், போதும். பவுடர் டப்பா வீட்டில் இருக்கட்டும். கேரம் போர்டுக்கு ஆகும்.