முதலில் ஒரு டிரான்சிஸ்டர்

சீரியல் என்றதும் வீட்டில் இரவு நேரத்தில் ஓடும் தொலைக்காட்சித் தொடர்தான் பலருக்கு நினைவுக்கு வரும். பொறியியல் மாணவர்களுக்கோ அது வேறு. ஒரு கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் 0, 1 குறிகளையே நாங்கள் அவ்வாறு அழைக்கிறோம்.

1960இல் உருவான ஆர்.எஸ்.232 என்னும் தரமுறை இன்றும் எடைக்கருவிகளிலும் ஆய்வுக்கூடக் கருவிகளிலும் வாழ்கிறது. அதில் 1 என்பது -3 முதல் -15 வோல்ட் வரை. 0 என்பது +3 முதல் +15 வோல்ட் வரை. இறுதியாண்டுத் திட்டத்தில் நாம் பயன்படுத்தும் ராஸ்பெர்ரி பை பலகையிலோ 1 என்றால் 3.3 வோல்ட்; 0 என்றால் சுழியம். அளவும் வேறு, குறியும் தலைகீழ். நேரடியாக இணைத்தால் பலகையே பழுதாகலாம்.

இதற்கு நாம் செய்வது என்ன? மாற்றிப் பலகை ஒன்றை இணையத்தில் வாங்கிச் செருகுகிறோம். வேலை செய்தால் மகிழ்ச்சி, செய்யாவிட்டால் இன்னொன்று. ஏன் வேலை செய்தது என்று விரிவுரையாளர் கேட்டால் விழிக்கிறோம். ஒருமுறையாவது அந்த மாற்றியை நாமே கட்டிப் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து.

செலவைக் கண்டு அஞ்ச வேண்டாம். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ஏறி, பிரிக்பீல்ட்சில் வாழையிலைச் சாப்பாடு முடித்து, ஜாலான் பாசாரின் மின்னணுக் கடைகளுக்குச் செல்லுங்கள். தேவையான பொருள்களுக்கு அந்தச் சாப்பாட்டின் விலைகூட ஆகாது. பிசி547 டிரான்சிஸ்டர் ஒன்று, மின்தடைகள் இரண்டு, டயோடு ஒன்று. அவ்வளவுதான்.

கருவியிலிருந்து வரும் குறி 10 கிலோ ஓம் தடை வழியாக அடிவாயை அடைகிறது. உமிழ்ப்பான் தரையோடும், ஏற்பான் 4.7 கிலோ ஓம் தடை வழியாக 3.3 வோல்ட்டோடும் இணைகின்றன. ஏற்பானிலிருந்தே பலகைக்குக் குறி செல்கிறது. எதிர் மின்னழுத்தம் வந்தால் டிரான்சிஸ்டர் மூடிக்கொள்ளும், ஏற்பான் 3.3 வோல்ட்டுக்கு உயரும். நேர் மின்னழுத்தம் வந்தால் திறந்துகொள்ளும். ஏற்பான் ஏறத்தாழச் சுழியத்திற்கு இறங்கும். தலைகீழாக்கலும் அளவு மாற்றமும் ஒரே செயலில் முடிந்தன. அடிவாய்க்கும் தரைக்கும் இடையிலுள்ள டயோடு, அதிக எதிர் மின்னழுத்தம் டிரான்சிஸ்டரைக் கெடுக்காமல் காக்கிறது.

மேக்ஸ்232 போன்ற சில்லுகள் வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. பலகையிலிருந்து கருவிக்குத் திருப்பி அனுப்ப எதிர் மின்னழுத்தம் தேவை. சில்லு அதைத் தானே உருவாக்கித் தருகிறது. வேகம் கூடும்போதும் சில்லே மேல். ஆனால், டிரான்சிஸ்டரைக் கட்டிப் பார்த்தவருக்கே சில்லு எதற்கு என்பது விளங்கும்.

தமிழ்ப்பள்ளியிலிருந்து தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற நமக்கு இது புதிய பாடமா? ஒளிச்சேர்க்கை என்று படித்தது முதலாம் படிவத்தில் வேறு பெயரில் வந்தது. பொருள் மாறவில்லை. பொருளை உணர்ந்தவர்கள் இரு மொழியிலும் பேசினார்கள். மனனம் செய்தவர்களே தடுமாறினார்கள்.

எனவே கழகத் தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். பட்டிமன்றமும் நாடகமும் தொடரட்டும். அவற்றோடு ஒரு சனிக்கிழமை, புதிய மாணவர்கள் இச்சுற்றைத் தம் கையால் கட்டித் தமிழில் விளக்கும் பட்டறை ஒன்றையும் நடத்துவோம். முன்னாள் மாணவர்களான பொறியாளர்கள் வழிகாட்ட முன்வரட்டும். தமிழில் விளக்க முடிந்தால்தான் நமக்கே புரிந்தது என்று பொருள்.