வெயிலுக்கு ஒரு மல்லி, பனிக்கு ஒரு மல்லி

சித்திரை பிறந்தால் விழுப்புரம், திண்டிவனம் மார்க்கெட்டுகளில் கொத்தமல்லிக் கட்டு இளைத்துவிடும், விலை ஏறிவிடும். காய்கறி வாங்கினால் கொசுறாகக் கிடைத்த தழைக்கு அப்போது தனிக்காசு. வீட்டில் தனியாவை உடைத்து விதைத்தாலும், கத்திரி வெயிலில் நாலு இலை விடுவதற்குள் பூத்துவிடும். அதன் மேல் குற்றமில்லை. அது குளிர்ச்சியில் வளர்கிற பயிர்.

அதனால்தான் சொல்கிறேன்: கொல்லையில் கொஞ்சம் நிழல் உள்ள வீடுகளில் ஆப்பிரிக்க மல்லி ஒரு பாத்தி இருக்க வேண்டும். இலை நீளமாக, ஓரத்தில் பல் பல்லாக இருக்கும். வாசனை கொத்தமல்லியேதான், ஆனால் காரமாக இருக்கும்.

மலையாளிகள் இதை ஆப்பிரிக்க மல்லி என்கிறார்கள். அந்தமானில் பர்மா தனியா. ஆங்கிலத்தில் மெக்சிகன் கொரியாண்டர் என்றும் சொல்வதுண்டு. ஆளுக்கொரு தேசத்தின் தலையில் கட்டிவிட்டார்கள். பிறந்த இடம் வெப்பமண்டல அமெரிக்காவும் மேற்கிந்தியத் தீவுகளும்.

"அந்நியச் செடி நமக்கெதற்கு?" என்று கேட்பவர்கள் நம்ம ஊர் மல்லாட்டையை நினைத்துப் பார்க்கட்டும். மணிலாக்கொட்டை என்கிறோம், அதுவும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். இன்று டி.எம்.வி. என்று திண்டிவனத்தின் பெயரிலேயே ரகங்கள் இருக்கின்றன. ரசத்துக்குக் கிள்ளிப் போடும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததே.

வாசனை தூக்கல் என்பது உண்மை. 1753இல் லின்னேயஸ் வைத்த தாவரப் பெயரிலேயே 'நாற்றமுள்ளது' என்று பொருள்படும் சொல் இருக்கிறது. ஆகவே கொத்தமல்லி போடுவதில் பாதி போதும். கொத்தமல்லி கொதித்தால் மணம் போய்விடும். இது கொதித்தாலும் காய்ந்தாலும் மணம் நிற்கும். ரசம், குருமா, துவையல் எல்லாவற்றுக்கும் ஆகும். முற்றிய இலையின் ஓர முள்ளை மட்டும் நறுக்கிவிடுங்கள்.

வளர்ப்பதில் சிரமமில்லை. விதை பொடிப்பொடியாக இருக்கும். மண்ணில் புதைக்காமல் மேலே தூவி, ஈரம் காயாமல் காத்தால் இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும். பக்கக் கன்று கிடைத்தால் இன்னும் சுலபம். தென்னை நிழலோ முருங்கை நிழலோ போதும். நேர் வெயிலில் இதுவும் சீக்கிரம் பூத்து, இலை முரடாகிவிடும். பூத்தண்டு வந்ததும் கிள்ளிவிட்டு, அடியிலைகளைப் பறித்துக்கொண்டே இருக்கலாம். தண்ணீர் மட்டும் தேங்கக் கூடாது.

இப்போது வீட்டைப் புதுப்பித்தால் கொல்லை முழுக்க சிமெண்டு போட்டுவிடுகிறார்கள். சேறு இருக்காது, பூச்சி பொட்டு வராது என்று பிள்ளைகள் சொல்வது நம்மேல் உள்ள அக்கறையில்தான். இருந்தாலும் சுவரோரம் இரண்டடி மண்ணை விட்டுவைக்கச் சொல்லுங்கள். அரிசி களைந்த தண்ணீருக்கும் நமக்கும் காலையில் போக ஓர் இடம் வேண்டும். குனிய முடியாதவர்கள் திண்ணை மேல் தொட்டியில் வைக்கலாம்.

கொத்தமல்லியை விட்டுவிடச் சொல்லவில்லை. மார்கழி, தைக்கு அது. பங்குனி முதல் ஆடி வரை இது.