முள்ளைச் சொல்லி ஆளை மறைக்காதீர்கள்

வழி கடினம் என்று ஒரு பெண்ணிடம் யாராவது சொன்னால், எந்த வழி, எவ்வளவு கடினம், யாருக்குக் கடினம் என்று அவள் திருப்பிக் கேட்க வேண்டும். பெரும்பாலும் பதில் வராது. "சொன்னா கேளு" என்பதுதான் வரும்.

இதை ஒரு குறிப்பிட்ட வழியை வைத்தே சொல்கிறேன். ஆரோவில் மேட்டிலிருந்து பொம்மையார்பாளையம் பக்கமாகக் கடலை நோக்கி இறங்கும் செம்மண் பள்ளங்களுக்குப் போகும் வழி. எங்கள் பனித்திட்டிலிருந்து 25 கிலோமீட்டர் இருக்கும். கிருமாம்பாக்கத்தில் பஸ் ஏறி, புதுச்சேரியில் மாறி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறங்கி நடக்க வேண்டும். என்னிடம் டியூஷன் படித்து இப்போது கல்லூரிக்குப் போகும் மூன்று பெண்கள் அங்கே போக ஆசைப்பட்டார்கள். அவர்களில் ஒருத்தி நிலவியல் படிக்கிறாள். பாடப்புத்தகத்தில் இருப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்கிறாள். மூன்று வீட்டிலும் ஒரே பதில்: "அங்க ஒரே முள்ளு. பாம்பு இருக்கும்."

முள் இருப்பது உண்மை. நான் இரண்டு முறை போயிருக்கிறேன். வெளிநாட்டுப் படங்களில் வரும் பாறைப் பிளவைப்போல உறுதியான சுவர்கள் இங்கே இல்லை. கடலூர் மணற்கல் என்று நிலவியலாளர்கள் சொல்லும் இளகிய படிவம், அதன்மேல் செம்மண். மரம் போன மேட்டில் ஐப்பசி கார்த்திகை மழைக்குத் தங்க இடமில்லை. மண்ணை அறுத்துக்கொண்டு கடலுக்கு ஓடியது. ஓடிய தடம்தான் பள்ளம். சில இடத்தில் லாரி திரும்பலாம். சில இடத்தில் கையை விரித்தால் இரண்டு சுவரும் தொடும். சுவர் ஆளுயரத்துக்கு மேல் எழும்பி, சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக அடுக்கடுக்காக நிற்கும். 1968இல் ஆரோவில் தொடங்கிய பிறகு அந்த மேட்டில் கரை போட்டு, தண்ணீரை நிறுத்தி, லட்சக்கணக்கில் மரம் வைத்தார்கள். மண் ஓடுவது குறைந்தது. செடிகொடி மண்டியது. வழி அடைந்து கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம். நிலத்துக்கு நல்லது, நடக்கிறவளுக்குத் தொல்லை. இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும்.

இப்போது ஆபத்தைக் கணக்குப் போடுவோம். ஒழுங்காகப் போடுவோம்.

முதல் ஆபத்து மண். மழையில் நனைந்து ஊறிய சுவர் எப்போது சரியும் என்று சொல்ல முடியாது. அடியில் தண்ணீர் அரித்து மேலே கூரைபோல் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தின் கீழே நிற்கவே கூடாது, செல்ஃபி எடுக்க நிச்சயமாகக் கூடாது. 2024 டிசம்பர் 1ஆம் தேதி வரையிலான ஒரு நாளில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியில் 48 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. அடுத்து தென்பெண்ணை பெருகி எங்கள் பாகூர் கொம்யூன் ஊர்களுக்குள் புகுந்தது. அந்த மழைக்குச் சில வாரம் கழித்துத்தான் நான் இரண்டாவது முறை போனேன். சுவரின் விளிம்பில் விரல் நுழையும் அளவு வெடிப்பு ஓடியிருந்தது. பாதியில் திரும்பிவிட்டோம். திரும்புவதும் கணக்கில் சேர்ந்ததுதான்.

இரண்டாவது, குறுகலான பள்ளத்தில் இருக்கும்போது மேட்டில் மழை பிடித்தால் தண்ணீர் நம் பக்கம்தான் வரும். ஆகவே மழைக்காலம் வேண்டாம். சித்திரை வெயிலும் வேண்டாம். மாசி நல்ல மாதம். மூன்றாவது, பாம்பு. கண்ணாடி விரியன் புதரில் இருக்கும், காய்ந்த சருகில் கண்ணுக்குத் தெரியாது. கணுக்கால் மூடும் செருப்போ ஷூவோ போட வேண்டும், கையில் கம்பு வேண்டும், பார்க்காத இடத்தில் கை வைக்கக் கூடாது. கடித்தால் கட்டுப் போடுவதும் கீறுவதும் வேண்டாம், நேராக ஜிப்மர். நான்காவது, நிலம் யாருடையது என்பது. தோப்புக்காரர்களும் இருக்கிறார்கள், ஆரோவில் நிலமும் இருக்கிறது. கேட்டுவிட்டுப் போக வேண்டும்.

முள்ளா? முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த மூன்று வீட்டிலும் இந்தக் கணக்கை யாரும் போடவில்லை. போட்டிருந்தால் "இப்ப வேணாம், மாசியில போங்க" என்று சொல்லியிருப்பார்கள். "போகாதே" என்பதற்கும் "இப்ப போகாதே" என்பதற்கும் நடுவில் இருக்கும் தூரத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முள்ளுக்காடு நம் பெண்களுக்குப் புதிதா? எங்கள் ஊரில் கழிப்பறை வருவதற்கு முன்னால் விடிவதற்குள் வேலிகாத்தான் புதருக்குள் யார் போனது? கையில் டார்ச் லைட் கூட இல்லாமல் போனார்கள். பாம்பு இருக்கிறது என்று எந்த அண்ணனும் துணைக்கு எழுந்து வரவில்லை. சவுக்குத்தோப்பில் விறகு பொறுக்கியது யார்? வானூர் பக்கம் முந்திரித்தோப்பில் உச்சி வெயிலில் குனிந்து கொட்டை பொறுக்குவது யார்? ஏலம் முடிந்து அன்னக்கூடை மீனைச் சும்மாட்டில் ஏற்றிக்கொண்டு, நாய் துரத்தும் தெருக்களில் கூவிக்கூவி நடப்பது யார்? வேலைக்குப் போகும்போது வழியில் முள் கிடையாது. வேடிக்கை பார்க்கக் கிளம்பினால் உடனே முளைத்துவிடுகிறது.

எங்கள் தெரு மீன்கார ஆயா ஒருவரிடம் இதைச் சொன்னேன். "அது இன்னாம்மா, சும்மா பாக்கறதுக்கா அவ்ளோ தொலவு?" என்று கேட்டார். ஆமாம் ஆயா, சும்மா பார்ப்பதற்குத்தான். சும்மா என்ற சொல் ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் எழுதிவைத்த சொத்தா? அவர்கள் சும்மா பாலத்தில் உட்கார்கிறார்கள், சும்மா மாமல்லபுரம் வரை பைக்கில் போய் வருகிறார்கள். அந்தச் செம்மண் பள்ளத்தில் நான் பார்த்த உடைந்த பீர் பாட்டில்களும் சும்மா போனவர்கள் போட்டவைதான்.

இங்கே ஒருவர் குறுக்கே கேட்பார். தனியான இடம், பெண்கள் போனால் ஏதாவது ஆகிவிட்டால்? அதைத்தான் கேட்கக் காத்திருந்தேன். உங்கள் பயம் விரியனைப் பற்றியது இல்லை, அங்கே குடித்துக்கொண்டிருக்கும் ஆளைப் பற்றியது. அப்படியானால் அதைச் சொல்லுங்கள். முள் என்று சொல்லி ஆளை மறைக்காதீர்கள். முள்ளென்று சொன்னால் அது இயற்கை, யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆளென்று சொன்னால் போலீஸ் ரோந்து, ஊராட்சி, அந்த ஆளின் வீடு என்று எல்லோரும் பதில் சொல்ல வேண்டிவரும். அந்த ஆபத்து உண்மை என்பதால்தான் அதையும் பெயர் சொல்லிக் கணக்கில் சேர்க்கச் சொல்கிறேன். எத்தனை பேர் போகிறோம், எத்தனை மணிக்கு வெளியே வருகிறோம், சிக்னல் எங்கே கிடைக்கும், சாலைக்குத் திரும்ப இரண்டாவது வழி எது. விரியனுக்குக் கம்பு எடுப்பதுபோல் இதற்கும் ஏற்பாடு செய்யலாம். பெயர் சொல்லாத பயத்துக்கு எந்த ஏற்பாடும் செய்ய முடியாது.

இந்த மறைப்பு எங்கள் ஊரோடு நிற்பதில்லை. பொதிகையில் 1,868 மீட்டர் உயரமுள்ள அகஸ்தியர்கூடத்துக்குக் கேரளப் பக்கமிருந்து ஏறப் பெண்களுக்கு நெடுங்காலம் அனுமதி இல்லை. வழி கடினம், வசதி இல்லை என்றார்கள். முனிவர் பிரம்மச்சாரி என்றும் சொன்னார்கள். உலோபாமுத்திரையைக் கட்டிக்கொண்டவர் எப்போது பிரம்மச்சாரி ஆனார் என்று தெரியவில்லை. பெண்கள் நீதிமன்றம் போனார்கள். 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் பால் பார்த்துத் தடுக்கக் கூடாது என்றது. 2019 ஜனவரியில் தான்யா சனல் உச்சிக்குப் போய்த் திரும்பினார். மலை அப்படியேதான் இருந்தது, வழியும் அதே வழிதான்.

அதே 2018 மார்ச் 11ஆம் தேதி குரங்கணியில் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இறந்தவர்களில் பலர் இளம்பெண்கள். டிவியைப் பார்த்துவிட்டு எங்கள் தெருவில் கேட்ட கேள்வி, "பொண்ணுங்களுக்கு எதுக்கு மலையேத்தம்?" காய்ந்த புல் சரிவில் கோடைக் காலத்தில் ஆட்களை யார் அழைத்துப் போனது, யார் அனுமதித்தது, தீ இருக்கும்போது கீழே இறங்க யார் சொன்னது என்று கேட்டிருக்க வேண்டும். தீ ஆண் பெண் பார்க்கவில்லை. கேள்வி மட்டும் பார்த்தது. அரசு அதன் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 40 வழித்தடங்களைப் பதிவு முறையில் திறந்தது, வழிகாட்டிகளோடு. அதுதான் ஆபத்தைக் கணக்கில் எடுப்பது. வீட்டில் பூட்டுவது கணக்கே போடாமல் தப்பிப்பது.

இன்னொரு பக்கமும் எனக்குக் கோபம் உண்டு. மகளிர் தினத்துக்கு மகளிர் தினம் "துணிந்து செல்" என்று போஸ்டர் அடிப்பவர்கள்மேல். துணிச்சல் எங்களிடம் தேவைக்கு மேலேயே இருக்கிறது, விடிகாலைப் புதருக்குப் போன பெண்ணிடம் இல்லாத துணிச்சலா? இல்லாதது பழக்கம். பத்து வயதில் மரம் ஏறி எந்தக் கிளை தாங்கும் என்று பார்க்கும் பழக்கம், பதினைந்தில் ஓடையில் இறங்கி எவ்வளவு ஆழம் என்று பார்க்கும் பழக்கம். பையனுக்கு அது விழுந்து எழுந்து வருகிறது. பெண்ணை அந்த வயதில் உள்ளே உட்காரவைத்துவிட்டு, இருபதில் "உனக்கு வழி தெரியாது" என்கிறார்கள். வழி தெரியாதபடி வளர்த்தது யார்?

அந்த மூன்று பெண்களுக்கும் மேலே எழுதிய கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன், வீட்டில் காட்டச் சொல்லி. மாசியில் ஒரு சனிக்கிழமை, மழை இல்லாமல் பத்து நாள் ஆன பிறகு. காலை ஆறு மணி பஸ், பதினோரு மணிக்குள் சாலைக்குத் திரும்புவது. ஒரு வீட்டில் சரி என்றார்கள். ஒரு வீட்டில் தாளை வாங்கவே இல்லை. நிலவியல் படிக்கிறவளின் அம்மா தாளை இரண்டு முறை படித்துவிட்டு என் வீட்டு வாசலுக்கு வந்தார். தானும் வரலாமா, சூரைமுள்ளுக்குத் தன் ரப்பர் செருப்பு தாங்குமா என்று கேட்டார். தாங்காதும்மா, வேற வாங்கணும் என்றேன்.