பூட்ஸ் இல்லாத குறையா?

பெரம்பலூர் ஜில்லாவின் ஜனத்தொகை 2011-ம் வருஷத்துக் கணக்கின்படி 5,65,223. அந்தக் கணக்கில் தமிழ்நாட்டு ஜில்லாக்களுள் மிகக் குறைந்த ஜனத்தொகை உடையது இதுவே. ஆப்பிரிக்காவுக்கு மேற்கே அட்லாண்டிக் சமுத்திரத்தில் கேப் வெர்டி என்றொரு தீவுக்கூட்டம் இருக்கிறது. 1975 வரையில் போர்ச்சுகலுக்கு அடிமைப்பட்டுக் கிடந்த நாடு. அதன் மொத்த ஜனத்தொகை பெரம்பலூர் ஜில்லாவினுடையதைவிடக் குறைவு. அந்த நாட்டுக் கால்பந்துக் கோஷ்டி 2025 அக்டோபர் 13-ந் தேதி எஸ்வாட்டினியை 3-0 என்ற கணக்கில் வென்று, 2026-ம் வருஷத்து உலகக் கோப்பைப் பந்தயத்தில் ஆடும் உரிமையைச் சம்பாதித்துக்கொண்டது. அடுத்த மாதமே கரீபியன் கடலிலுள்ள குரசாவ் என்ற தீவும் அதே உரிமையைப் பெற்றது. அங்கே வசிப்பவர் சுமார் ஒன்றரை லட்சம் பேர். அதாவது அரியலூர் ஜில்லாவின் 7,54,894 பேரில் ஐந்திலொரு பங்கு. அவ்வளவு சிறிய நாடு அந்த உரிமையை அதற்கு முன் பெற்றதே இல்லை.

நூற்று நாற்பது கோடி ஜனங்களையுடைய நமது தேசத்தின் கதை என்ன? ஆண்களுக்கான உலகக் கோப்பையில் நமது கோஷ்டி ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை. 2026-ம் வருஷத்துப் பந்தயத்துக்கான தேர்வாட்டங்களிலும், 2024 ஜூனில் கத்தாரிடம் 2-1 என்று தோற்று நடுவழியிலேயே நின்றுவிட்டது. ஜனத்தொகையில் பெருந்தேசம், கால்பந்தில் சின்னஞ்சிறு கோஷ்டி. இதை ஒப்புக்கொள்வதில் நமக்கு வெட்கம் உண்டு. ஆனால் ஒளிப்பதில் லாபமில்லை.

இந்தப் பேச்சை எடுத்தவுடன் நம்மவர் ஒரு கதை சொல்லுவார்கள். "1950-ல் பிரேஸில் தேசத்தில் நடந்த உலகக் கோப்பைக்கு நமக்கு அழைப்பு வந்தது. நமது ஆட்டக்காரர்கள் வெறுங்காலுடன் ஆடுபவர்கள். பூட்ஸ் இல்லாமல் ஆடக்கூடாது என்று உலகச் சம்மேளனத்தார் தடை போட்டார்கள். ஆதலின் போகவில்லை" என்பது அந்தக் கதை. கேட்பதற்கு உருக்கமாக இருக்கிறது. ஏழைத் தேசம், வெறுங்கால், வெள்ளைக்காரன் போட்ட சட்டம், மானமுள்ள வாலிபர்கள். இவ்வளவும் அதில் அடங்கியிருக்கின்றன. தேச பக்தர்களின் நாவில் இனிப்பதற்கு வேறென்ன வேண்டும்? நமது அபிப்பிராயத்தில், இந்தக் கதையினால் நமது கால்பந்துக்கு விளைந்த தீங்கு கொஞ்சமன்று. குற்றத்தை நம் தலையிலிருந்து இறக்கிப் பிறர் தலையில் வைப்பதற்கே அது பயன்பட்டு வந்திருக்கிறது.

நடந்ததைப் பார்ப்போம். 1948 ஜூலை 31-ந் தேதி, சுதந்திரம் அடைந்து ஒரு வருஷம் பூர்த்தியாகுமுன்னர், லண்டன் ஒலிம்பிக்கில் நமது கோஷ்டி பிரான்ஸை எதிர்த்தது. நாகர் நாட்டு வைத்தியரான தாலிமெரன் ஆவோ தலைமை வகித்தார். பதினொருவரில் பெரும்பாலோர் வெறுங்காலுடனேயே ஆடினர். பிரான்ஸ் முதலில் ஒரு கோல் போட்டது. மைசூர் ஆட்டக்காரர் சாரங்கபாணி ராமன் 70-வது நிமிஷத்தில் அதைச் சமன் செய்தார். இரண்டு பெனால்டி உதைகள் வீணாயின. ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்ஸ் மற்றொரு கோல் போட்டு 2-1 என்று ஜயித்தது. தோல்விதான், ஆயினும் தலைகுனிய வேண்டிய தோல்வியல்ல. காலில் பூட்ஸ் இல்லையென்று அன்று எவரும் நம்மை மைதானத்தை விட்டு வெளியே அனுப்பவில்லை.

1950-ல் ஆசியாவுக்கு ஒதுக்கப்பட்ட ஓர் இடத்துக்கு பர்மா, இந்தோனேஷியா, பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகள் போட்டியிட வேண்டியிருந்தது. மூன்றும் விலகிக்கொண்டன. ஓர் ஆட்டமும் ஆடாமலே இடம் நமக்கு வந்து சேர்ந்தது. ஸ்வீடன், இத்தாலி, பராகுவே ஆகியவற்றுடன் நமது பெயரும் ஒரே பிரிவில் சேர்க்கப்பட்டது. பிரயாணச் செலவின் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்ளவும் பந்தயத்தை நடத்தியவர்கள் முன்வந்தார்கள். அப்படியிருந்தும் நமது சம்மேளனத்தார் விலகிக்கொண்டார்கள். கோஷ்டியைத் தேர்ந்தெடுப்பதில் அபிப்பிராய பேதம், பயிற்சிக்குப் போதிய அவகாசமின்மை என்பன அவர்கள் வெளியிட்ட காரணங்கள். வெறுங்கால் அந்தப் பட்டியலில் இல்லை. அந்தக் கோஷ்டிக்குத் தலைவராக இருக்கவேண்டிய ஸைலன் மன்னா பிற்காலத்தில் விஷயத்தை உடைத்தே சொன்னார்: உலகக் கோப்பை இன்னதென்று அந்நாளில் தங்களுக்குச் சரிவரத் தெரியாது, ஒலிம்பிக்கே சர்வமும் என்றிருந்தார்கள்.

பூட்ஸ்தான் தடையென்றால், இரண்டு வருஷம் கழித்து 1952-ல் ஹெல்ஸிங்கி ஒலிம்பிக்குக்கு நமது ஆட்டக்காரர்கள் சென்றது எவ்வாறு? அங்கும் பலர் வெறுங்காலுடனேயே ஆடினார்கள். குளிர்ப் பிரதேசத்து மைதானத்தில் யுகோஸ்லேவியா நம்மை 10-1 என்று நொறுக்கிற்று. அதற்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் என்று நமது சம்மேளனமே விதி செய்தது. வருஷங்களை வரிசைப்படுத்திப் பார்ப்பவனுக்குக் கதையின் பொய் தானே விளங்கும். பூட்ஸ் கிடைக்காத பொருளுமன்று. 1948 கோஷ்டியிலேயே சிலர் அதை அணிந்து ஆடினார்களே!

விலகியது நாம் மாத்திரமல்ல என்று சமாதானம் சொல்லலாம். அது உண்மையே. ஸ்காட்லாந்தும் துருக்கியும் பிரான்ஸும் அந்தத் தடவை போகவில்லை. ஆனால் போனவர்களைப் பற்றியும் சற்று நினைக்க வேண்டும். 1949 மே மாதம் டூரின் நகரத்துக்கு அருகில் ஸுபெர்கா குன்றில் ஆகாய விமானம் மோதி, இத்தாலியின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் ஒரே கணத்தில் மாண்டார்கள். ஆகாயப் பிரயாணத்துக்கு அஞ்சிய இத்தாலியர் அடுத்த வருஷம் கப்பலேறி, அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து பிரேஸிலுக்குப் போய் ஆடினார்கள். ஸ்வீடனிடம் தோற்றுத் திரும்பினார்கள் என்பது வேறு விஷயம். கங்கைகொண்ட சோழபுரம் இன்று அரியலூர் ஜில்லாவில் இருக்கிறது. அங்கிருந்து ஆண்ட ராஜேந்திரன் ஆயிரம் வருஷங்களுக்கு முன் கடாரத்துக்குக் கப்பற்படை அனுப்பினான் என்று மேடைதோறும் முழங்குகிறோம். பதினொரு பேரைக் கடல் கடந்து அனுப்பும் சந்தர்ப்பம் வந்தபோது நம்மால் கோஷ்டியைத் தேர்ந்தெடுக்கக்கூட முடியவில்லை!

அந்தக் கோப்பையை யார் கொண்டுபோனார்கள்? கால் கோடி ஜனங்கள்கூட அன்று இல்லாத உருகுவே. 1950 ஜூலை 16-ந் தேதி, ரியோ நகரத்து மரக்கானா மைதானத்தில், பிரேஸிலையே 2-1 என்று வென்று எடுத்துச் சென்றது. சிறிய நாடு பெரிய காரியம் செய்ய முடியுமா என்ற கேள்விக்கு, நாம் போகாத அதே பந்தயத்தில் பதில் கிடைத்துவிட்டது.

நமது ஆட்டக்காரர்களிடம் திறமை இல்லாமலா போயிற்று? 1951-ல் டில்லியில் ஆசியப் பந்தயத்தின் தங்கப் பதக்கம் நமக்குக் கிடைத்தது. ஹைதராபாத்தைச் சேர்ந்த ஸையத் அப்துல் ரஹீம் என்ற உபாத்தியாயர் கோஷ்டியைப் பழக்கினார். 1956 நவம்பர் 22-ந் தேதி மெல்போர்ன் ஒலிம்பிக் துவங்கிற்று. மறுநாள் விடிவதற்கு முன்னர், அரியலூருக்கு அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாலம் அரிக்கப்பட்டு, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்தத் துயரத்தினிடையே, டிசம்பர் 1-ந் தேதி மெல்போர்னில் நமது கோஷ்டி ஆஸ்திரேலியாவை 4-2 என்று தோற்கடித்தது. நெவில் டிஸௌஸா மூன்று கோல் போட்டார். அரையிறுதியில் யுகோஸ்லேவியாவிடமும் பிறகு பல்கேரியாவிடமும் தோற்று நான்காவது ஸ்தானம் பெற்றோம். ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதியை எட்டிய முதல் ஆசியக் கோஷ்டி நம்முடையதே.

அரியலூர் விபத்தை இங்கே குறிப்பிடுவதற்கு ஒரு காரணம் உண்டு. பாலத்தைக் கட்டியவர் லால் பகதூர் சாஸ்திரி அல்லர். வெள்ளத்தை அவர் வரவழைக்கவுமில்லை. எனினும் ரயில்வே மந்திரி என்ற முறையில் பொறுப்பு தம்முடையது என்று சொல்லிப் பதவியைத் துறந்தார். 1950-ல் தேசத்துக்குக் கிடைத்த இடத்தைக் கைநழுவ விட்டதற்குப் பொறுப்பாளி யார்? காரணங்கள் சொல்லப்பட்டன. காரணம் வேறு, பொறுப்பு வேறு. பொறுப்புக் கேட்கப்படாத ஸ்தாபனம் எதுவாயினும், அது ஒரு கட்டுக்கதையின் மறைவில் சௌக்கியமாகக் காலந்தள்ளும்.

அப்புறம் நடந்ததை விஸ்தரிக்க மனம் வரவில்லை. 1960-ல் ரோமாபுரியில் ஹங்கேரியிடம் 2-1 என்றே தோற்றோம். பிரான்ஸுடன் சமமாக முடித்தோம். நம்மவரான தங்கராஜும் ஸைமன் சுந்தரராஜும் அந்தக் கோஷ்டியில் இருந்தார்கள். 1962-ல் ஜாகர்த்தாவில், பெருங்கூட்டம் எதிர்த்துக் கூவியதைப் பொருட்படுத்தாமல், தென் கொரியாவை வென்று மீண்டும் ஆசியத் தங்கம் பெற்றோம். அடுத்த வருஷமே ரஹீம் காலமானார். 1960-க்குப் பிறகு ஒலிம்பிக் கால்பந்திலும் நமது கோஷ்டி ஆடியதில்லை. உலகக் கோப்பைக்கான தேர்வாட்டத்தில் முதன்முதலாக இறங்கியதே 1985-ல்தான்! 2017-ல் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை நமது தேசத்திலேயே நடத்தியதனால் இடம் கிடைத்தது. மணிப்பூர்ச் சிறுவன் ஜீக்ஸன் சிங் கொலம்பியாவுக்கு எதிராகப் போட்ட ஒரு கோலே, உலகச் சம்மேளனம் நடத்தும் பந்தயத்தில் இந்தியாவின் முதல் கோல். மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. ஆனால் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று: இருபத்தொருவரில் எட்டுப் பேர் மணிப்பூரிலிருந்து வந்தவர்கள். அந்த ராஜ்யத்தின் மொத்த ஜனத்தொகையே முப்பது லட்சத்துக்குள். ஜனத்தொகைக்கும் கால்பந்துக்கும் சம்பந்தமில்லை என்பதை வெளிநாட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமென்பதில்லை.

ஓர் ஆட்சேபம் கிளம்பும். குரசாவ் கோஷ்டியில் பெரும்பாலோர் ஹாலந்தில் பிறந்து வளர்ந்தவர்கள். கேப் வெர்டியும் வெளிநாடுகளில் குடியேறிய தன் மக்களைத் திரட்டிக்கொண்டது. நமது சட்டமோ இரட்டைப் பிரஜாவுரிமைக்கு இடங்கொடுப்பதில்லை என்பார்கள். சரி, ஐஸ்லாந்தை எடுத்துக்கொள்வோம். மூன்றரை லட்சம் பேர். வருஷத்தில் பாதி குளிரும் இருளும். அங்கே நகரசபைகள் கூரையிட்ட மைதானங்களைக் கட்டின. ஆறு வயதுப் பையனுக்கும் தேர்ச்சிப் பத்திரம் பெற்ற பயிற்சியாளரைச் சம்பளத்துக்கு வைத்தன. 2016-ல் ஐரோப்பியப் பந்தயத்தில் அவர்கள் இங்கிலாந்தைத் தோற்கடித்தார்கள். 2018 உலகக் கோப்பையில் அர்ஜெண்டினாவுடன் 1-1 என்று சமமாக நின்றார்கள். மெஸ்ஸியின் பெனால்டி உதையை அவர்களது கோல்காப்பாளர் தடுத்துவிட்டார். கோஷ்டியைப் பழக்கியவர் தொழிலால் ஒரு பல் வைத்தியர். ஐஸ்லாந்து பிற ஆட்டங்களில் தோற்று முதல் சுற்றிலேயே வெளியேறியது, அதனால் என்ன?

ஐஸ்லாந்தில் கூரை வேண்டியிருந்தது. பெரம்பலூரிலும் அரியலூரிலும் வருஷத்தில் பத்து மாதம் வானமே கூரை. இல்லாதது சமதரையும், புல்லும், கற்றுக்கொடுக்கும் மனிதனும். ஜில்லாத் தலைநகரத்தில் ஒரு ஸ்டேடியம் கட்டிவிட்டால் கடமை தீர்ந்தது என்று அதிகாரிகள் எண்ணுகிறார்கள். ஆண்டிமடத்துப் பையனும் வேப்பந்தட்டைப் பையனும் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் ஏறி அங்கே வந்து ஆடப்போகிறார்களா? பெரம்பலூர் ஜில்லாவில் பெரம்பலூர், வேப்பந்தட்டை, வேப்பூர், ஆலத்தூர் என்று நான்கு ஒன்றியங்கள். அரியலூர் ஜில்லாவில் அரியலூர், திருமானூர், செந்துறை, ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், தா.பழூர் என்று ஆறு. ஆகப் பத்து. ஒன்றியத்துக்கு ஒரு மைதானம், ஒரு பயிற்சியாளர், பதினான்கு வயதுக்குட்பட்டவர்களின் ஒரு கோஷ்டி. பத்துக் கோஷ்டிகளும் ஒன்றையொன்று ஊர் மாறி இரண்டு தடவை சந்தித்தால் வருஷத்துக்குத் தொண்ணூறு ஆட்டங்கள். வருஷத்துக்கு ஒரு நாள் மந்திரி வந்து பந்தை உதைத்து ஆரம்பித்து வைக்கும் கோப்பைப் பந்தயத்தைவிட இது மேலானது என்பது நமது உறுதி.

பணம் எங்கே என்று கேட்பார்கள். அரியலூர் ஜில்லா பூமியைத் தோண்டிச் சுண்ணாம்புக்கல்லை எடுத்துச் சிமெண்டாக்கும் கம்பெனிகள் பல. 2013-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம், பெரிய கம்பெனிகள் தங்கள் சராசரி நிகர லாபத்தில் நூற்றுக்கு இரண்டு வீதம் சமூக காரியங்களுக்குச் செலவிட வேண்டுமென்று விதித்திருக்கிறது. அச்சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் கிராம விளையாட்டுகளுக்கும் ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கும் பயிற்சியளிப்பது வெளிப்படையாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. பத்துப் பயிற்சியாளர்களின் சம்பளம் அந்தக் கணக்கில் ஒரு தூசி. கல் எடுத்த பள்ளம் நமக்கு மிஞ்சுகிறது. ஒரு மைதானமும் மிஞ்சட்டும்.

நிலம் அதிகம் வேண்டியதில்லை. நூற்றைந்து மீட்டர் நீளமும் அறுபத்தெட்டு மீட்டர் அகலமும் கொண்ட ஆடுகளத்துக்கு இரண்டு ஏக்கருக்கு மேல் தேவையில்லை. ஆகஸ்டு 15-ந் தேதியும் அக்டோபர் 2-ந் தேதியும் கிராம சபைகள் கூடுகின்றன. இரண்டு ஜில்லாக்களிலுமுள்ள தேசத் தொண்டர்கள் அங்கே எழுந்து நின்று, தங்கள் கிராமத்தில் எந்தப் புறம்போக்கு, எந்தச் சர்வே நம்பர், எத்தனை சென்ட் என்று குறிப்பிட்டே தீர்மானம் எழுதி, ஜில்லாக் கலெக்டருக்கு ஒரு பிரதியும் சிமெண்ட் கம்பெனிக்கு ஒரு பிரதியும் அனுப்பட்டும்.